புன்னையும் கீனவும்: மலை உயரம் மரத்தை என்ன செய்கிறது?

(டயகமவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சிவனொளிபாதமலை ஏறாதவர்கள் இந்த மண்டபத்தில் அதிகம் இருக்கமாட்டார்கள். நல்லதண்ணியிலிருந்து படியேறுவது பெரும்பாலும் இரவில்தான். அப்போது கண்ணில் படுவதெல்லாம் விளக்கு வரிசையும் முன்னால் போகிறவரின் முதுகும். மரம் தெரியாது. சூரியன் உதிப்பதைக் கும்பிட்டுவிட்டு இறங்கும்போதுதான் காடு தெரிகிறது. அந்த இறக்கத்தில் ஒரு விசயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? 2,243 மீற்றர் உயர உச்சியருகே மரங்கள் குட்டையாக, கோணல்மாணலாக, பாசி பிடித்து நிற்கின்றன. இறங்க இறங்க மரங்கள் நிமிர்கின்றன, இலைகள் பெருக்கின்றன. நல்லதண்ணிக்கு வந்து சேரும்போது மரத்தின் தலையைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே மலை, ஒரே மழை. சில மணி நேர நடைக்குள் மரங்களின் உருவமே மாறிவிடுகிறது.

ஏன் அப்படி? உயரம் மரத்தை என்ன செய்கிறது? குட்டையான மரம் நோயுற்ற மரமா? இன்றைய பேச்சு இந்த மூன்று கேள்விகளைப் பற்றியது. மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதில் தவறான விடை சொன்னால், டயகமவுக்கு மேலே இருக்கும் காட்டில் நடப்பதைத் தவறாகப் புரிந்துகொள்வோம். மலையில் மரம் குட்டையாவது வேறு, மரம் செத்துப்போவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பவர்கள் காட்டின் நலத்தையும் நோயையும் இனங்காண முடியாது.

முதலில் குளிரைப் பார்ப்போம். 1,000 மீற்றர் மேலே ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். இது உலகம் முழுவதற்கும் பொருந்தும் பொதுக் கணக்கு. ஈரமான காற்றில் சற்றுக் குறைவாகவும் வறண்ட காற்றில் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். கடற்கரைக் கொழும்பின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 27 பாகை. 1,900 மீற்றரை நெருங்கி நிற்கும் நுவரெலியாவின் சராசரி ஏறத்தாழ 16 பாகை. கழித்துப் பாருங்கள், கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். கொழும்பில் வேலை செய்யும் மகன் பொங்கலுக்கு ஊர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் தேடுவது சுவெட்டரைத்தான். அவனுக்கு இந்தக் கணக்கு உடம்பால் தெரியும்.

மரத்துக்குச் சுவெட்டர் கிடையாது. குளிர்ந்தால் அது வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இலை வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கிறது, அந்தச் சர்க்கரையிலிருந்து தண்டும் வேரும் புதிய கலங்களைக் கட்டுகின்றன. குளிரில் முதலில் தடைப்படுவது இந்தக் கட்டுமானம்தான் என்று உயர்மலை மரங்களை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். வீடு கட்டுமிடத்தில் செங்கல் வந்து இறங்கிவிட்டது, சீமெந்தும் இருக்கிறது, ஆனால் மேசனின் கை விறைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் எப்படி எழும்பும்? ஐந்து பாகைக்குக் கீழே போனால் மரத்தின் கலங்கள் பெருகுவது ஏறக்குறைய நின்றுவிடும். உலகின் எந்த மலையை எடுத்தாலும், வளரும் பருவத்தின் சராசரி ஆறு பாகையை ஒட்டி இறங்கும் இடத்தில் காடு முடிந்துவிடுகிறது. இமயமலையில் அந்தக் கோடு 4,000 மீற்றரை அடுத்து வருகிறது. பொலிவியாவின் சஜாமா எரிமலைச் சரிவில் 5,000 மீற்றருக்கு மேலும் ஒரு சிறு மரம் வளர்கிறது. உலகில் அதற்கு மேலே மரம் இல்லை.

இலங்கையின் மிக உயர்ந்த இடம் பீதுருதாலகால மலை, 2,524 மீற்றர். ஆக, குளிர் தாங்காமல் காடு முடியும் கோடு நம் நாட்டில் எங்குமே இல்லை. நம் மலையில் குளிர் மரத்தை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது.

மெதுவாக்குவது என்றால் என்ன என்பதைத் தேயிலையைக் கொண்டு காட்டலாம். தேயிலையும் ஒரு மரம்தான். கவ்வாத்துக் கத்தி படாமல் விட்டால் விதைத் தேயிலை எப்படி ஓங்கி வளரும் என்று பழைய தோட்டங்களில் பார்த்தவர்கள் சொல்வார்கள். அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது நமது கை. 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை, 1,200 மீற்றருக்கு மேலே விளைவது உயர்நிலத் தேயிலை, நடுவில் விளைவது இடைநிலத் தேயிலை. காலி, இரத்தினபுரிப் பக்கத்துச் செடி வேகமாகத் தழைக்கிறது, அதனால் சீக்கிரமே கவ்வாத்துக்கு வந்துவிடுகிறது. மேலே போகப் போக ஒரு கவ்வாத்துக்கும் அடுத்த கவ்வாத்துக்கும் இடையிலான ஆண்டுகள் கூடுகின்றன. அதே செடி, அதே உரம், அதே கை. ஆனால் மலையில் கொழுந்து மெதுவாக வருகிறது. மெதுவாக வருவதால்தான் அதற்குத் தனி வாசம் என்று உலகச் சந்தை நம்புகிறது. 1925இல் தொடங்கப்பட்டு, பிறகு தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்துக்கு வந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம், எந்த உயரத்துக்கு எந்தச் செடி, எத்தனை ஆண்டுக்கு ஒரு கவ்வாத்து என்ற கேள்விகளுக்கு விடை தேடியே தன் காலத்தில் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கிறது. உயரம் செடியை என்ன செய்யும் என்பதில் இந்த மண்டபத்தில் உள்ள, கொழுந்தெடுக்கும் தாய்மார்களுக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவர்களின் விரல்களுக்கே அது தெரியும்.

குளிர் மட்டுமா? இல்லை. மூடுபனி இருக்கிறது. மேகம் காட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும் நாட்களில் மரத்துக்கு வெளிச்சம் குறைகிறது. இலை நாள் முழுக்க நனைந்திருக்கிறது. நனைந்த இலை நீரை ஆவியாக வெளிவிடுவதில்லை. இலையிலிருந்து நீர் வெளியேறினால்தான் வேர் கீழிருந்து நீரை இழுக்கும், நீரோடு சேர்ந்துதான் மண்ணின் சத்தும் மேலே ஏறும். இழுப்பு குறைந்தால் சத்தும் குறையும்.

மண்ணையும் பாருங்கள். தாழ்நிலக் காட்டில் விழுந்த இலை சில மாதங்களில் மக்கி, மறுபடியும் மரத்துக்கு உணவாகிவிடுகிறது. மேல்மலைக் காட்டில் குளிரும் ஈரமும் சேர்ந்து மக்குவதைத் தாமதமாக்குகின்றன. காலை வைத்தால் மெத்தைபோல் அமுங்கும் கரிய மண், அதற்குள் மக்காத இலையும் வேரும். சத்து அங்கே இருக்கிறது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது. எனவே மேல்மலை மரம் சிக்கனக்காரனாகிறது. பெரிய, மெல்லிய இலைகளை விட்டு விட்டு உதிர்க்க அதற்குக் கட்டாது. சிறிய, தடித்த, தோல்போன்ற இலைகளைச் செய்து நெடுநாள் வைத்துக்கொள்கிறது.

பிறகு காற்று. யூன், யூலை மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று டயகம மலைமுகட்டில் அடிக்கும் அடியை லயத்துக் கூரைத் தகரம் அறியும். அந்தக் காற்றின் எதிரே நிற்கும் மரம் ஒவ்வொரு துளிரையும் இழந்து இழந்து, காற்று போகும் திசையிலேயே சாய்ந்து வளர்கிறது. கிளைகள் முறுக்கிக்கொள்கின்றன. மேலே தட்டையான குடைபோல ஒரு தலை. அதே இனத்து மரம் பக்கத்துப் பள்ளத்தில், காற்றுப் படாத மடிப்பில், இரண்டு மூன்று மடங்கு உயரமாக நிற்பதையும் காணலாம். உயரம் என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வது உண்மையில் குளிர், பனி, மண், காற்று எல்லாம் சேர்ந்த கூட்டு வேலை.

தமிழ் படித்தவர்களுக்குப் பழக்கமான ஒரு மரத்தை இங்கே அழைத்து வரலாம். புன்னை. நெய்தல் நிலத்து மரம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கடற்காற்றில் நிழல் பரப்பி நிற்கும். அதன் இலை உள்ளங்கை நீளம், பளபளப்பு. இலையைக் கிட்ட வைத்துப் பார்த்தால் நடு நரம்பிலிருந்து இரு பக்கமும் மயிரிழைபோல் நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக, எண்ண முடியாத நரம்புகள் ஓடும். அந்த நரம்பு ஓட்டத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

இப்போது அந்தப் பார்வையோடு ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறுங்கள். அங்கே காட்டின் மேற்கூரையில் சிங்களத்தில் ‘கீன’ எனப்படும் மரம் நிற்கிறது. இலை வட்டமாக, தடிப்பாக, பெருவிரல் அளவில் இருக்கும். ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அதே நெருக்கமான இணை நரம்புகள்! புன்னையும் கீனவும் கலோபில்லம் என்ற ஒரே பேரினத்துப் பிள்ளைகள். ஒன்று கடல்மட்டத்தில், மற்றது 2,000 மீற்றருக்கு மேலே. குடும்ப முகம் மாறவில்லை. உயரம் இலையைச் சுருக்கித் தடிக்க வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

புன்னை மட்டுமா? பிள்ளைகள் நாக்கு ஊதாவாகும்வரை தின்னும் நாவல் மரத்தின் இனத்தார் அங்கே குட்டையாக, வட்ட இலையோடு நிற்கிறார்கள். நீர்கொழும்பு முதல் மாத்தறை வரை கரையோரத்தில் பட்டை உரிக்கப்படும் கறுவாவின் உறவினரும் மேலே இருக்கிறார்கள். ஆகவே ஹோர்ட்டன் சமவெளிக் காடு எங்கிருந்தோ வந்த அந்நியக் காடு கிடையாது. நமக்குப் பழகிய குடும்பங்களே மலையேறி, மலைக்கேற்ப உடம்பை மாற்றிக்கொண்டு வாழும் இடம் அது.

உயரப்படி காட்டை மூன்றாகப் பிரிப்பது இலங்கையில் வழக்கம். ஏறத்தாழ 900 மீற்றர் வரை தாழ்நில மழைக்காடு. சிங்கராஜ வனம் பெரும்பாலும் இந்த வகை, மரங்கள் 35, 40 மீற்றர் உயரத்துக்குப் போகும். 1,500 மீற்றர் வரை இடைமலைக் காடு. அதற்கு மேலே மலைக்காடு, அங்கே பத்துப் பதினைந்து மீற்றர் எட்டினாலே பெரிய மரம், காற்றடிக்கும் முகட்டில் அதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் நீலகிரிக்குப் போனாலும் இதே குட்டைக் காட்டைக் காணலாம். பள்ளங்களில் குட்டையான அடர்காடு, சுற்றிலும் புல்வெளி. அந்தக் காட்டை உலகத் தாவரவியலாளர்கள் எல்லோரும் ‘சோலா’ என்றே எழுதுகிறார்கள். அது நம் ‘சோலை’தான். நீலகிரி மக்கள் காட்டுப்பூவரசு என்று சொல்லும் சிவப்புப் பூ மரம் ஹோர்ட்டன் சமவெளிப் புல்வெளியிலும் நிற்கிறது, சிங்களத்தில் மகரத்மல். அதே இனம் இமயமலையில் நேபாளத்தின் தேசிய மலராக இருக்கிறது. இமயத்தில் தாழ்ந்த சரிவுகளில் இரத்தச் சிவப்பாகப் பூக்கும் இந்த மரம், மேலே போகப் போக இளஞ்சிவப்பாகி வெள்ளையாகவும் பூக்கிறது. உயரம் பூவின் நிறம் வரை கைவைக்கிறது!

எத்தனை மீற்றர் என்பது மட்டும் விதியை முடிவு செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலை எவ்வளவு பெரியது என்பதும் கணக்கில் சேரும். பரந்த பெரிய மலைத்தொகுதியின் நடுப்பகுதி பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும், மேகமும் உயரத்தில்தான் படியும். தனித்து நிற்கும் சிறிய மலையில் குளிரும் மேகமும் சீக்கிரமே இறங்கிவிடும். அதனால்தான் நக்கிள்ஸ் மலைத்தொடர் ஹோர்ட்டன் சமவெளியைவிடத் தாழ்வாக இருந்தும், அங்கே காற்று அறையும் முகடுகளில் மிகக் குட்டையான காடுகள் இருக்கின்றன.

சரி, மூன்றாவது கேள்விக்கு வருவோம். குட்டையான மரம் நோயுற்ற மரமா?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வெள்ளை மலைகள் என்ற இடத்தில், 3,000 மீற்றருக்கு மேலே, ஒரு வகைப் பைன் மரம் இருக்கிறது. முறுக்கிப் பிழிந்த துணிபோல உடம்பு. பாதி உடம்பு பட்டுப்போன கட்டை, ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையும் பச்சையும். பார்ப்பவர் இது இன்றோ நாளையோ என்றுதான் நினைப்பார். அவற்றில் ஒன்றின் வயது 4,800 ஆண்டுகளுக்கு மேல்! மளமளவென்று வளரும் கீழ்நில மரங்கள் எத்தனையோ தலைமுறை செத்து மண்ணாகிவிட்டன. மெல்ல வளர்ந்ததால் அதன் கட்டை இறுகியது, இறுகியதால் பூச்சியும் பூஞ்சணமும் எளிதில் நுழையவில்லை. மலைமரத்தின் குட்டை உடம்பு தோல்வியின் அடையாளம் ஆகாது. தனக்குக் கிடைத்த குளிரையும் காற்றையும் மண்ணையும் கொண்டு அது செய்துகொண்ட ஏற்பாடு அது.

இதே தவறு வேறொரு வகையிலும் நடக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் பரந்து கிடக்கும் புல்வெளியைப் பார்த்துவிட்டு, உயரம் கூடியதால் மரம் வளரவில்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பத்தனை என்பது புல்வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல், அக்கரப்பத்தனையின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் உயரம்தான் காரணம் என்றால் புல் முகட்டிலும் காடு பள்ளத்திலும் இருக்க வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியில் பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது. சரிவிலும் மேட்டிலும் காடு, தாழ்ந்த பள்ளத்தில் புல்.

காரணத்தை நம் தோட்டத்திலேயே காணலாம். தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் பனி விழுந்து தேயிலை கருகும். எந்த மலையில் முதலில் கருகும்? மேட்டு மலையிலா? இல்லை, பள்ளத்து மலையில். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் தண்ணீர்போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியும்போது பள்ளத்துச் செடிமேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளை, வெயில் ஏறியதும் சுட்டதுபோல் கருப்பு. ஹோர்ட்டன் சமவெளியின் பள்ளங்களிலும் இதுதான் நடக்கிறது. வளர்ந்த மரம் தாங்கும் பனியை விரல் உயர நாற்று தாங்காது. போதாக்குறைக்குத் தீ. மனிதர் வைத்த தீ பல நூற்றாண்டுகளாகப் புல்லுக்கே சாதகமாக இருந்திருக்கிறது. மகரத்மல் அந்தத் தீக்கு நடுவிலும் நிற்பது அதன் தடித்த பட்டையால்தான்.

இப்போது செத்த மரங்களின் கதை. இதைக் குரல் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பில் தொட்டுபொலகந்த என்ற முகடு இருக்கிறது, நாட்டின் மிக உயர்ந்த சிகரங்களில் ஒன்று. 1978இல் டபிள்யூ. ஆர். எச். பெரேரா என்பவர் ‘ஸ்ரீலங்கா ஃபொரெஸ்டர்’ இதழில், அந்த முகட்டில் நிகழ்வது ஒரு சுற்றாடல் பேரழிவா என்று கேட்டு எழுதினார். கூட்டம் கூட்டமாக மரங்கள் நின்ற இடத்திலேயே பட்டுப்போயிருந்தன. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1988இல், ஜெர்மானிய ஆய்வாளர் வெர்னர் அதை மேல்மலைக் காடுகளின் சாவு என்று விரிவாக எழுதினார். அதே 1988இல்தான் ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்காவானது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸோடும் சேர்த்து யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. பட்டங்கள் வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் மரங்களும் செத்துக்கொண்டிருந்தன.

இது குட்டையாவது போன்றதா? கொஞ்சமும் இல்லை. குட்டையான மரத்தின் நுனியைப் பாருங்கள், துளிர் இருக்கும். இங்கே நோய் நுனியிலிருந்துதான் தொடங்குகிறது. உச்சிக் கிளையின் இலைகள் மெலிந்து உதிர்கின்றன, பிறகு கிளை நுனி காய்கிறது, பிறகு அடுத்த கிளை. இலையுதிர்ந்த எலும்புக்கூடாகச் சில ஆண்டுகள் நிற்கிறது, அதன்மேல் கிழவர் தாடிபோல் சாம்பல் நிறப் பாசி தொங்குகிறது. அதிகம் அடிபட்ட மரம் எது தெரியுமா? நாம் இலையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோமே, அந்தக் கீன. அதற்கு அடுத்து நாவலின் வட்ட இலை உறவினர், கறுவாவின் உறவினர்.

என்ன காரணம்? வறட்சி என்றார்கள் சிலர். மூடுபனியை நம்பி மேலாக வேர் ஓடவிட்ட மரம், பனி வராத மாதங்களில் தாகத்தில் வாடும் என்பது அவர்கள் வாதம். வேரைத் தாக்கும் பூஞ்சணம் என்றார்கள் சிலர். தாழ்நிலத்துப் புகை மேகத்தோடு ஏறி வந்து அமிலமாக இறங்குகிறது என்று சிலர், மண்ணில் ஈயம் என்று சிலர், சுண்ணச் சத்துக் குறைவு என்று சிலர். ஹவாய் தீவில் இதேபோல் ஒஹியா என்ற மரம் பெருங்கூட்டமாகப் பட்டுப்போனது. அதை ஆராய்ந்தவர் டீட்டர் முல்லர்-டொம்பொயிஸ். நம் மலைப் புல்வெளிகளையும் முன்பே ஆராய்ந்து 1971இல் எழுதியவர் அவர். ஒரே காலத்தில் முளைத்த மரங்கள் ஒரே காலத்தில் முதுமை அடைந்து, ஒரு சிறு தாக்குதலில் சேர்ந்தே விழுகின்றன என்பது அவருடைய விளக்கம். நம் மலைக்கு ஒற்றைக் குற்றவாளியை இதுவரை எவரும் நிரூபிக்கவில்லை. பல காரணங்கள் கைகோத்து வேலை செய்கின்றன என்று கொள்வதே பொருத்தம். நெருக்கடியிலேயே வாழப் பழகிய மரம் ஒரு நெருக்கடியைத் தாங்கும், இரண்டைத் தாங்கும், மூன்றாவதும் சேர்ந்து வந்தால் விழுந்துவிடும்.

விழுந்த இடத்தில் புதிய கன்று எழுந்தால் கவலை குறைவு. ஆனால் மரைக்கூட்டம் பெருகிவிட்ட இடங்களில் அவை கன்றுகளின் தலையைக் கடித்துவிடுகின்றன. மெல்ல வளரும் கன்று மரையின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போக எத்தனை ஆண்டுகள் எடுக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இங்கேதான் உயரம் மறுபடியும் கதைக்குள் வருகிறது. சிங்கராஜவில் ஒரு மரம் விழுந்தால் வெளிச்சம் பட்ட இடத்தில் கன்றுகள் போட்டி போட்டுக்கொண்டு மேலெழும். மேல்மலையில் அதே இடைவெளி மூடப் பல காலம் ஆகும். உயரம் கீனவைக் கொல்லவில்லை. ஆனால் கொல்லப்பட்ட கீனவின் இடத்தை நிரப்புவதை அது தாமதமாக்குகிறது. மலைக்காட்டை அழிப்பதும் தாழ்நிலக் காட்டை அழிப்பதும் ஒரே கணக்கு ஆகாது என்பது இதனால்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, பிள்ளைகள் கொப்பியில் போட்டுப் பார்க்கலாம். 1,000 மீற்றருக்கு ஆறரைப் பாகை என்றால், ஒரு பாகைக்கு 150 மீற்றருக்குச் சற்று மேல். உலகம் ஒரு பாகை சூடானால், பழைய குளிரைத் தேடும் மரம் அத்தனை மீற்றர் மேலே போக வேண்டும். கீழ்நில மரங்களுக்குப் போக இடம் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றரை ஒட்டித் தொடங்குகிறது. நாட்டின் உச்சியே 2,524. மிச்சம் இருப்பது ஏறத்தாழ 400 மீற்றர், அதாவது மூன்று பாகைகூட இல்லை. அதிலும் மலை உச்சி கூம்பு, மேலே போகப் போக நிலமும் சுருங்கும். கீன இதற்குமேல் எங்கே ஏறும்?

இந்தக் காடு மிஞ்சியதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கோப்பியைத் துரு நோய் பிடித்தது, கோப்பி அழிந்தது, தேயிலை மலையேறியது. அந்த மலைகளில் நின்ற காட்டை வெட்டிச் சாய்த்தவை தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த நம் பாட்டன் பூட்டன் கைகள். அவர்கள் விரும்பி வெட்டவில்லை, வெட்டச் சொல்லப்பட்டார்கள். 1873இல் ஆங்கிலத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின்படி, 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடக்கூடாது என்று ஆட்சியாளர்கள் தீர்மானித்தார்கள். டயகமவின் மேல்மலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தேயிலை முடிந்து காடு தொடங்குவது தெரிகிறதே, அந்தக் காடு தப்பியதில் அந்த முடிவுக்குப் பங்குண்டு.

அந்த முடிவின் பயன் நம் பீலியில் ஒழுகுகிறது. மூடுபனி அந்தக் குட்டை மரங்களின் இலையிலும் பாசியிலும் படிந்து, சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குகிறது. மழை பெய்யாத நாளிலும் காட்டுக்குள் மழை சொட்டும். மெத்தைபோல் அமுங்கும் அந்தக் கரிய மண் நீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுகிறது. இப்படி வரும் ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவாகி, மகாவலியாகி, திருகோணமலையில் கடலைச் சேர்கிறது. களனி கங்கையும் வளவை கங்கையும் இதே மேட்டிலிருந்து பிறக்கின்றன. கொழும்பில் குழாயைத் திறப்பவரும் பொலன்னறுவையில் வயலுக்கு மடை திறப்பவரும் அந்தக் கீன மரங்களுக்குக் கடன்பட்டவர்கள். முதலில் குடிப்பவர்கள் டயகமக்காரர்கள்.

வெட்டிய இடத்தை நிரப்ப வந்த மரங்களையும் மறக்கக்கூடாது. தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சவுக்கும், விறகுக்கு வைத்த யூக்கலிப்டஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. வந்த மரத்துக்கும் உயரக் கணக்கு உண்டு. யூக்கலிப்டஸில் ஓர் இனம் மலையில் ஓங்கும், வேறோர் இனம் வறண்ட தாழ்நிலத்துக்கே ஒத்துவரும். மாற்றி நட்டால் இரண்டும் குன்றும். அவை விறகு தரும், பலகை தரும், தேயிலைக்கு அரணாகும். பாசி போர்த்திய கீனக்காடு செய்வதை அவை செய்யா. எனவே மேலே காடு பட்டுப்போன இடத்தில் ஏதாவது ஒரு மரத்தை நட்டால் போதும் என்ற பேச்சை நம்பவேண்டாம்.

இந்த மண்டபத்திலிருந்து இரண்டு காரியங்கள் தொடங்கலாம். மாசி, பங்குனியில் பத்தனை காயும்போது தீ வைப்பவரை, அவர் நம் சொந்தக்காரராக இருந்தாலும், தடுங்கள். புல்லோரத் தீ காட்டோரத்தில் எழும் நாற்றுகளைத்தான் முதலில் கொல்கிறது.

மற்றது மாணவர்களுக்கு. பள்ளிக்கூட வேலியோரம் நிற்கும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், காட்டிலாகா அதிகாரிகள் அளக்கும் அதே இடத்தில், தையல் நாடாவால் சுற்றளவு எடுங்கள். திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே மாதத்தில் திரும்ப அளந்து, ஹட்டனில் படிக்கும் மச்சானிடமும் கண்டியில் படிக்கும் அக்காவிடமும் அதே வகை மரத்தை அளக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். ஐந்தாம் ஆண்டில் உயரம் மரத்தை என்ன செய்கிறது என்று இந்த மேடையில் நின்று பேச ஒருவர் வெளியூரிலிருந்து வரவேண்டிய தேவை இருக்காது. உங்களில் ஒருவர் வந்து, உங்கள் கொப்பியைத் திறந்து வாசித்தால் போதும்.